யாரும் உட்காராத பொன் இருக்கை

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்த கோஃபி அன்னானை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மெல்லிய குரல், நரைத்த குறுந்தாடி, அவசரமில்லாத பேச்சு. அவர் 1938 ஏப்ரல் 8ஆம் தேதி, கானா நாட்டில் உள்ள குமாசி நகரில் பிறந்தார். அன்று வெள்ளிக்கிழமை. 'கோஃபி' என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை என்று பொருள். அவருக்கு நடுவில் 'அட்டா' என்று இன்னொரு பெயரும் உண்டு. இரட்டையரில் ஒருவர் என்பது அதன் பொருள். பெயரைச் சொன்னால் போதும், பிறந்த கிழமையும், உடன் ஒருவர் பிறந்திருக்கிறார் என்ற செய்தியும் சேர்ந்தே வந்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஆக்கான் என்ற பெரிய இனத்தாரின் வழக்கம் இது. கானா மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆக்கான்கள். பக்கத்து நாடான ஐவரி கோஸ்டிலும் இருக்கிறார்கள். அசாந்தே, ஃபாந்தே, அக்யெம், போனோ என்று அவர்களுக்குள் பல பிரிவுகள். இன்று நான் எழுதப் போவது அவர்களில் அசாந்தே மக்களைப் பற்றி. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'அஷாந்தி' என்று படித்திருப்பீர்கள்.

1972 முதல் மூன்று ஆண்டுகள் குமாசிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே சக ஆசிரியர் ஒருவர், "என்ன கிழமை பிறந்தீர்கள்?" என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். "அப்படியானால் நீங்கள் குவாமே" என்றார். அதற்குப் பிறகு கடைக்காரர் முதல் தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் நான் குவாமேதான். நம் ஊரில் சனிக்கிழமை என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அங்கே கதை வேறு. கானா விடுதலை பெற்றபோது தலைமை தாங்கிய நிக்ருமாவின் முதற்பெயரும் குவாமேதான். அது மட்டுமல்ல, ஆக்கான்கள் கடவுளுக்கே கிழமை வைத்திருக்கிறார்கள். அதுவும் சனிக்கிழமைதான்!

திங்கள் குவாட்வோ, செவ்வாய் குவாபெனா, புதன் குவாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி குவாமே, ஞாயிறு குவாசி. பெண்களுக்கு இதே வரிசையில் அட்வோவா, அபெனா, அக்குவா, யா, அஃபுவா, அமா, அக்கோசுவா. இந்தப் பட்டியலில் 'கோஃபி', 'யா' இரண்டையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வரும்.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் அதை வெளியே கொண்டுவந்து பெயர் சூட்டுவார்கள். அப்போது நாக்கில் ஒரு சொட்டு நீரும் ஒரு சொட்டு மதுவும் தொட்டு வைப்பார்கள். நீரை நீர் என்றும் மதுவை மது என்றும் சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்லக்கூடாது என்று அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் உபதேசம் செய்வார். வாழ்க்கை முழுவதுக்குமான பாடம் அந்த இரண்டு சொட்டில் முடிந்துவிடும்.

வானத்திலிருந்து இறங்கிய இருக்கை

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் குமாசியைச் சுற்றியிருந்த சிறுசிறு ஆக்கான் தலைவர்கள் எல்லோரும் தென்கியிரா என்ற அரசுக்குக் கப்பம் கட்டி வந்தார்கள். வழக்கமான கப்பத்தோடு நிற்காமல், ஒரு பித்தளைப் பாத்திரம் நிறையப் பொன்னும், ஒவ்வொரு தலைவரும் தமக்கு மிகப் பிரியமான மனைவியையும் அனுப்ப வேண்டும் என்று தென்கியிரா அரசன் கேட்டதாகச் சொல்வார்கள். பொன்னைக் கூடக் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது கோரிக்கை எல்லோரையும் ஒன்று சேர்த்துவிட்டது. 1701ல் ஃபெயியாசே என்ற இடத்தில் நடந்த போரில் தென்கியிரா தோற்றது. வென்றவர்களின் தலைவர் ஒசெய் டுட்டு. அவருக்கு ஆலோசகராக இருந்தவர் ஒக்கோம்ஃபோ அனோக்கியே என்ற பூசாரி.

நம் ஊர் வரலாற்றில் அரசனுக்கு ஒரு ராஜகுரு இருப்பார் அல்லவா, அப்படித்தான் இவரும். சேர்ந்து போரிட்டவர்கள் சேர்ந்தே இருக்க வேண்டுமே என்று அவர் ஒரு வழி செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை தலைவர்கள் எல்லோரையும் கூட்டினார். அவர் மந்திரம் சொல்ல, வானம் இருண்டு இடி இடித்து, பொன் போர்த்திய ஓர் இருக்கை மெல்ல இறங்கி ஒசெய் டுட்டுவின் மடியில் அமர்ந்தது என்பது அவர்களுடைய ஐதீகம். வெள்ளிக்கிழமை வந்ததால் அதற்கும் பெயர் சூட்டினார்கள்: சிக்கா ட்வா கோஃபி, அதாவது வெள்ளிக்கிழமை பிறந்த பொன் இருக்கை. இந்த மக்களின் உயிர் முழுவதும் இதற்குள் இருக்கிறது, இது போனால் நீங்கள் யாரும் இல்லை என்று பூசாரி சொன்னாராம். தலைவர்கள் தத்தம் பழைய அரச சின்னங்களை மண்ணில் புதைத்துவிட்டு இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அசாந்தே அரசனுக்கு 'அசாந்தேஹேனே' என்று பட்டம்.

இருக்கை என்றவுடன் கை வைத்த சிம்மாசனத்தை நினைக்காதீர்கள். ஒரே மரத்தில் குடைந்து எடுத்த, நடுவில் வளைந்த, முதுகுச்சாய்வு இல்லாத முக்காலி போன்றது. ஆக்கான்களில் ஏழை வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒருவர் தினமும் உட்காரும் இருக்கையில் அவருடைய உயிரின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது என்பது நம்பிக்கை. அதனால் எழுந்து போகும்போது அதைச் சாய்த்து வைத்துவிடுவார்கள், போகிற வருகிற ஆவி எதுவும் வந்து உட்கார்ந்துவிடக்கூடாது என்று. நல்லாட்சி செய்து இறந்த தலைவரின் இருக்கையைக் கரி பூசிக் கறுப்பாக்கித் தனி அறையில் வைத்து வழிபடுவார்கள். ஒருவர் பதவிக்கு வந்தால் 'இருக்கையில் ஏறினார்', பதவி போனால் 'இருக்கையிலிருந்து இறக்கப்பட்டார்' என்பதுதான் இன்றும் பேச்சு.

பொன் இருக்கையில் மட்டும் அரசனும் உட்காரக்கூடாது. பட்டம் சூட்டும்போது புதிய அரசரை அதற்கு மேலே மூன்று முறை தாழ்த்தித் தூக்குவார்கள், ஆனால் உடம்பு அதைத் தொடாது. அந்த இருக்கை தரையிலும் வைக்கப்படாது. அது சாய்ந்திருக்கத் தனியாக ஓர் ஆசனம், அதற்கென்று தனிக்குடை. தோற்கடித்த அரசர்களின் உருவங்களைப் பொன்னில் வார்த்து மணிகளோடு அதில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சட்டமும் அந்தக் காலத்தில் போட்டார்கள். யாருடைய பூர்வீகத்தையும் யாரும் வெளியில் சொல்லக்கூடாது என்பதே அது. போரில் தோற்றுச் சேர்ந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், அடிமையாக வந்து குடும்பத்தில் கலந்துவிட்டவர்கள் என்று எல்லோரும் சேர்ந்துதான் அசாந்தே ஆனார்கள். நீ எங்கிருந்து வந்தாய் என்று தோண்ட ஆரம்பித்தால் கட்டிடம் நிற்காது. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று நாம் பழமொழியாகச் சொல்கிறோம். அவர்கள் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள்.

மாமன் சொத்து மருமகனுக்கு

அசாந்தே சமூகத்தில் வம்சம் தாய்வழி. ரத்தம் தாயிடமிருந்து வருகிறது, ஒருவகை ஆவி தந்தையிடமிருந்து வருகிறது என்பார்கள். தந்தைதான் பெயர் வைப்பார். ஆனால் குழந்தை தாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு 'அபுசுவா' என்று பெயர். அரசருக்குப் பிறகு மகன் வருவதில்லை. அவருடைய சகோதரனோ, சகோதரியின் மகனோதான் வருவார். யார் வரவேண்டும் என்று முதலில் பெயர் சொல்லும் உரிமை 'அசாந்தேஹெமா' என்ற அரசித்தாய்க்கு உண்டு. அவர் அரசரின் மனைவி அல்ல. தாயாகவோ, சகோதரியாகவோ, சிற்றன்னையாகவோ இருப்பார். சபையில் அரசரை எல்லார் முன்னும் கண்டிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே. குமாசிச் சந்தையில் கூட இந்த முறையைப் பார்த்தேன். சேனைக்கிழங்கு போன்ற யாம் கிழங்குக்கு ஒரு 'அரசி', தக்காளிக்கு ஓர் 'அரசி', வெங்காயத்துக்கு ஓர் 'அரசி' என்று விற்கிற பெண்கள் தங்களுக்குள் ஒரு மூத்தவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். சண்டை வந்தால் அவர் தீர்ப்பதுதான்.

பெண்ணுக்கு இவ்வளவு மதிப்பா என்று வியந்துகொண்டிருந்த எனக்கு இதன் இன்னொரு பக்கமும் தெரிய வந்தது. எங்கள் பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் காய்ச்சலில் திடீரென்று இறந்துபோனார். கருப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தி ஊரே கூடி, சனிக்கிழமை பெரிய அளவில் இறுதிச்சடங்கு செய்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி நான்கு பிள்ளைகளோடு பள்ளி வாசலில் நின்றார். கணவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு அவருடைய சகோதரியின் மகன் வந்துவிட்டான். வழக்கப்படி அது அவனுக்குத்தான். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. வீட்டில் ஓர் அறையில் இருந்துகொள்ளுங்கள் என்றுதான் சொன்னான். ஆனால் தன் வீட்டில் தான் அண்டியிருப்பதா என்று அந்த அம்மாள் கேட்டார். "இருபது வருஷம் கொக்கோ தோட்டத்தில் நானும்தானே சுமந்தேன்" என்று அவர் சொன்னபோது ஆசிரியர் அறையில் யாரும் பதில் பேசவில்லை. வசூல் செய்து கொடுத்தோம். அவர் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார்.

எனக்கு அது புதிதாகவும் இருந்தது, புதிதாக இல்லாமலும் இருந்தது. நான் நாஞ்சில் நாட்டுக்காரன். எங்கள் பாட்டி காலத்தில் அங்கே வேளாளர்களிடையே மருமக்கள்வழி இருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைக் கிண்டலும் கண்ணீருமாக ஒரு மான்மியமாகவே பாடி வைத்தார். பெற்ற பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டு மருமகன் சாவியை வாங்கிக்கொண்ட கதைகளை எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். திருவிதாங்கூர் அரசு 1920களில் சட்டம் கொண்டுவந்துதான் அது மாறியது.

கானாவில் அந்த மாற்றம் 1985ல் வந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து பற்றி அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். இறந்தவர் தானே சம்பாதித்த வீடும் வீட்டுச் சாமான்களும் மனைவி பிள்ளைகளுக்கு. மிச்சச் சொத்தைப் பதினாறு பங்காக்கி, பிள்ளைகளுக்கு ஒன்பது, மனைவிக்கு மூன்று, பெற்றோருக்கு இரண்டு, வழக்கப்படி தாய்வழிக் குடும்பத்துக்கு இரண்டு. பரம்பரைக் குடும்பச் சொத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. செய்தித்தாளில் சிறு துணுக்காக இதைப் படித்த அன்று நான் ஊரில் இருந்தேன். அந்த அம்மாளின் கடைசிப் பிள்ளைக்கு அப்போது பதினாறு பதினேழு வயது ஆகியிருக்கும்.

பொன்னும் அடிமையும்

அசாந்தே நாடு செழித்ததற்குக் காரணம் அந்த மண்ணில் கிடைத்த பொன். பொன்தூள்தான் அங்கே நாணயம். அதை நிறுக்கச் சிறுசிறு பித்தளை எடைக்கற்கள் வைத்திருந்தார்கள். மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுப் பித்தளையை ஊற்றுவார்கள். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் அதே வேலைமுறை. ஆமை, முதலை, மீன், நாற்காலி, மேளக்காரன் என்று விரல்நுனி அளவில் எத்தனையோ உருவங்கள். சிலவற்றுக்குப் பின்னால் ஒரு பழமொழியும் இருக்கும். மிகச் சிறிய எடைக்கு, நாம் குன்றிமணி வைத்தது போல, அவர்களும் விதைகளை வைத்து நிறுத்தார்கள்.

ஆனால் பொன்னை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான். போரில் பிடித்தவர்களைக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்று வெள்ளைக்காரர்களிடம் விற்றதிலும் அந்த அரசு செழித்தது. போர்த்துகீசியர் 1482ல் கட்டிய எல்மினா கோட்டைக்கும், ஆங்கிலேயர் வசம் இருந்த கேப் கோஸ்ட் கோட்டைக்கும் போயிருக்கிறேன். மேலே கவர்னர் குடியிருந்த காற்றோட்டமான அறைகள். கீழே அடிமைகளை அடைத்த, வெளிச்சம் வராத நிலவறைகள். எங்களுடன் வந்த அசாந்தே ஆசிரியர் அங்கே வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வாங்கியவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், விற்றவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்றார். பள்ளியில் அவர் வரலாறு நடத்துகிறவர்.

ஆங்கிலேயருக்கும் அசாந்தேக்கும் அந்த நூற்றாண்டு முழுவதும் சண்டை. 1824ல் கவர்னர் சார்லஸ் மெக்கார்த்தியே போரில் கொல்லப்பட்டார். 1826ல் அசாந்தே தோற்றது. 1874 பிப்ரவரி 4ஆம் தேதி ஜெனரல் உல்ஸ்லியின் படை குமாசிக்குள் நுழைந்தது. அரசர் ஊரைவிட்டு விலகியிருந்தார். அரண்மனையில் இருந்த பொன் நகைகள், வாள்கள், பதக்கங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்து, ஊருக்குத் தீ வைத்துவிட்டு இரண்டே நாளில் கிளம்பிவிட்டார்கள். கொள்ளைப் பொருட்களைக் கேப் கோஸ்டில் ஏலம் போட்டார்கள். பல லண்டன் போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்குப் போர்ச்செலவு என்று 50,000 அவுன்ஸ் பொன் தர வேண்டும் என்று ஒப்பந்தம். நம் கணக்கில் சுமார் 1 லட்சத்து 94 ஆயிரம் பவுன். அடித்தவனுக்கே அடிபட்டவன் கூலி கொடுத்த கதை.

அத்தனையும் போனது, ஆனால் பொன் இருக்கை மட்டும் அகப்படவில்லை.

ஒரு கிழவி கேட்ட கேள்வி

1888ல் பிரெம்பே என்ற இளைஞர் அரசரானார். ஆங்கிலேயர் பாதுகாப்பின் கீழ் வந்துவிடு என்று நெருக்கினார்கள். அவர் மறுத்தார். லண்டனுக்குத் தூதர்களை அனுப்பினார். அவர்களை அரசாங்கம் சந்திக்கவே இல்லை. 1896 ஜனவரியில் மறுபடியும் படை வந்தது. போரிட்டால் ஊர் மீண்டும் எரியும் என்று தெரிந்து பிரெம்பே போரிடவில்லை. அவரும் அவருடைய தாயான அரசித்தாய் யா அக்யாவும் கவர்னர் மேக்ஸ்வெல்லின் காலடியில் எல்லோர் முன்னும் பணிய வைக்கப்பட்டார்கள். அதன்பிறகும் கைது. எல்மினா, பிறகு சியரா லியோன், கடைசியில் 1900ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவு.

அரசர் இல்லாத ஊருக்கு 1900 மார்ச்சில் கவர்னர் ஃபிரெடெரிக் ஹாட்ஜ்சன் வந்தார். தலைவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். உங்கள் அரசர் திரும்ப மாட்டார் என்றார். பாக்கிப் பணத்தைக் கட்டுங்கள் என்றார். கடைசியில், அந்தப் பொன் இருக்கை எங்கே, இந்த நிமிடம் நான் ஏன் அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்ற பொருளில் கேட்டார். மகாராணியின் பிரதிநிதிக்கு நாற்காலி போடாமல் விட்டது மரியாதைக் குறைவு என்பது அவர் நினைப்பு. சொந்த அரசனே உட்காராத இருக்கை அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் காதில் விழவில்லை. தலைவர்கள் மௌனமாகக் கலைந்து போனார்கள். அவர் இருக்கையைத் தேடிப் பிடிக்க ஆட்களையும் அனுப்பினார்.

அன்றிரவு தலைவர்கள் கூடிப் பேசினார்கள். சிலர் பயந்தார்கள், சிலர் சமாதானம் பேசலாம் என்றார்கள். அந்தச் சபையில் எஜிசு என்ற ஊரின் அரசித்தாய் இருந்தார். அறுபதை ஒட்டிய வயது. அவருடைய பேரனான எஜிசுத் தலைவரையும் ஆங்கிலேயர் பிரெம்பேயோடு சேர்த்து நாடு கடத்தியிருந்தார்கள். அவருடைய பெயர் யா அசாந்தேவா. நான் நினைவில் வைக்கச் சொன்ன இரண்டாவது பெயர் இதுதான், வியாழக்கிழமை பிறந்த பெண். ஆண்கள் போகாவிட்டால் பெண்கள் நாங்கள் போகிறோம் என்று அவர் எழுந்து கேட்டதாக அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பள்ளி நாடகத்தில் அந்த வேஷத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்குள் போட்டி நடக்கும்.

போர் மூண்டது. கவர்னரும் அவருடைய மனைவியும் குமாசிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே உணவு தீர்ந்தது, நோய் பரவியது. ஜூன் 23ஆம் தேதி கவர்னர் ஒரு கூட்டத்தோடு உடைத்துக்கொண்டு தப்பினார். ஜூலை 15ல் கர்னல் வில்காக்ஸின் படை வந்து கோட்டையை மீட்டது. பீரங்கிக்கு முன்னால் பழைய துப்பாக்கிகள் எத்தனை நாள் நிற்கும்? 1901ல் யா அசாந்தேவா பிடிபட்டார். அவரையும் செஷல்ஸுக்கு அனுப்பினார்கள். 1902 ஜனவரி 1 முதல் அசாந்தே ஆங்கிலேயர் குடியேற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. எதற்காகப் போர் தொடங்கியதோ அந்த இருக்கை மட்டும் கடைசிவரை ஆங்கிலேயர் கைக்கு வரவில்லை. காட்டுக்குள் மண்ணில் புதைத்திருந்தார்கள். போரில் அவர்கள் தோற்றார்கள் என்று புத்தகம் சொல்கிறது. குமாசியில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பி வந்தவர், திரும்பாதவர்

தமிழ் வணிகர்கள் சிலரும் குடியேறியிருந்த அந்தச் செஷல்ஸ் தீவில் பிரெம்பே வாழ்ந்தது இருபத்துநான்கு ஆண்டுகள். கிறிஸ்தவரானார். பெரியவரான பிறகு ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1907ல் அங்கே உட்கார்ந்து தன் தாய் சொன்னதைக் கேட்டுத் தம் குலத்தின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார். பூர்வீகத்தைப் பேசக்கூடாது என்ற சட்டத்தில் வளர்ந்தவர், ஊரைவிட்டுப் பிரிந்தபின் அதை எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தத் தாய் அங்கேயே இறந்தார். யா அசாந்தேவாவும் 1921ல் அங்கேயே இறந்தார். பிற்பாடுதான் அவர்களுடைய எலும்புகள் ஊர் வந்து சேர்ந்தன.

அதே 1921ஐ ஒட்டி குமாசியில் பெரிய கலவரம் ஒன்று மூள இருந்தது. சாலை போட்டவர்கள் தோண்டும்போது இருக்கை புதைத்த இடம் வெளிப்பட்டுவிட்டது. காவலுக்கு இருந்தவர்களில் சிலரே அதிலிருந்த பொன் அணிகளைப் பிய்த்து விற்றுவிட்டார்கள். செய்தி பரவியதும் நாடே இழவு வீடானது. தலைவர்கள் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதித்தார்கள். ஆங்கில அரசு அதை நாடுகடத்தலாகக் குறைத்தது. அப்போது ராட்ரே என்ற ஆங்கில அதிகாரி அசாந்தே மொழியும் வழக்கமும் கற்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த இருக்கை அதிகாரத்தின் சின்னமல்ல, ஒரு மக்களின் உயிர் என்று அவர் எழுதிக் கொடுத்தார். இனி அதை நாங்கள் கேட்க மாட்டோம் என்று அரசு உறுதி சொன்னது. ஹாட்ஜ்சன் வருவதற்கு முன்னால் இப்படி யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் அத்தனை உயிர் போயிருக்காது.

1924 நவம்பரில் பிரெம்பே ஊர் திரும்பினார். போனபோது இருபதுகளில் இருந்தவர், வந்தபோது ஐம்பதைத் தாண்டியவர். வெறும் குடிமகன் என்ற நிபந்தனையோடுதான் விட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குமாசியின் தலைவர் என்ற பட்டம் மட்டும் தந்தார்கள். 1931ல் இறந்தார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் பிரெம்பே 1935ல் முழு அசாந்தேஹேனேயாக ஏற்கப்பட்டார். பொன் இருக்கை மறுபடியும் வெளியே வந்தது.

சொந்தப் பொருள் கடனுக்கு

நான் அங்கே இருந்தபோது, 1874 கொள்ளை நடந்து நூறாண்டு நிறைந்தது. அப்போதைய அசாந்தேஹேனே இரண்டாம் ஒப்போக்கு வாரே எங்கள் பொருட்களைத் திருப்பித் தாருங்கள் என்று பிரிட்டனைக் கேட்டார். லண்டனில் பிரபுக்கள் சபையிலும் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மேலும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024ல் 32 பொருட்கள் குமாசிக்கு வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து 15, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலிருந்து 17. அரசு வாள், பொன்னால் செய்த புகைக்குழாய், அரசரின் ஆன்மாவைத் தூய்மை செய்கிறவர்கள் மார்பில் அணியும் பொன் பதக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. இன்றைய அசாந்தேஹேனே இரண்டாம் ஒசெய் டுட்டு பட்டத்துக்கு வந்து அப்போது இருபத்தைந்து ஆண்டு. மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஆனால் அவை வந்தது கடனாக. மூன்று ஆண்டு, வேண்டுமானால் இன்னும் மூன்று ஆண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பொருளை நிரந்தரமாகக் கொடுக்கக்கூடாது என்று அவர்கள் 1963ல் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மற்ற மியூசியத்துக்கும் 1983ல் ஒரு சட்டம்.

அதே 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஃபௌலர் மியூசியம் தன்னிடமிருந்த ஏழு அசாந்தே பொருட்களைக் கொண்டுவந்து அரசரிடம் கொடுத்துவிட்டது. நம் சாமரம் போன்ற யானைவால் விசிறி ஒன்றும் அதில் இருந்தது. நிபந்தனை எதுவும் இல்லை, கெடுவும் இல்லை. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்று தெரிகிறது.

கடன் என்றாலும் வாங்கிக்கொள்வது சரியா என்று கானாவிலேயே இரண்டு கட்சி. வாங்கினால் அது அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒரு கட்சி. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கண்ணால் காணாததைப் பேரப்பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்கட்டும் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியின் மேல் அனுதாபம் உண்டு, முதல் கட்சியோடு உடன்பாடு உண்டு. வீட்டுக்குள் விட்டதற்காக மருமகனுக்கு நன்றி சொல்ல மறுத்த அந்த ஆசிரியரின் மனைவியும் முதல் கட்சிதான் என்று நினைக்கிறேன்.

முதல் கெடு 2027ல் முடிகிறது. நீட்டிப்பார்களா, திருப்பி வாங்கிக்கொள்வார்களா, சட்டத்தை மாற்றி விட்டுக்கொடுப்பார்களா என்று பார்க்க வேண்டும். அப்போது எனக்கு வயது 83 ஆகியிருக்கும். இருந்தால் அதையும் எழுதுகிறேன்.